பத்தொன்பது மணி பன்னிரண்டு நிமிடம்

"அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று அம்மா சொன்னபோது அண்ணன் மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடித்துவிட்டிருந்தான்.

அப்படியே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். "என்னம்மா?"

"அவர் போட்டது. அது பாட்டுக்கு ஓடட்டும்."

கூடத்தின் நடுவில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அவர் தலைமாட்டிலிருந்து நாலடி தள்ளி, சன்னலோர மேசையில், கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசிறி ஒரே சுருதியில் இரைந்தது. அழுகிறவர்கள் மூச்சு வாங்க நிறுத்தும் இடைவெளிகளில் எல்லாம் அந்த இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. துக்கம் கேட்க வந்த ஒரு பெண்மணி, யாரோ இந்த நேரத்தில் மாவரைக்கிறார்கள் என்று நினைத்துச் சமையலறைப் பக்கம் முறைத்துப் பார்த்தாள்.

"இந்தச் சத்தத்தோட எப்படிம்மா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும். கடைசியா அவர் கையால ஆரம்பிச்சது. முடியட்டும்."

"எப்ப முடியும்?"

அம்மா மகளைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தான். சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து போய்த் திரையைக் குனிந்து பார்த்தாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி. 91 சதவீதம். மணி ஒன்பது நாற்பது. கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. நேற்று மாலை நாலு பன்னிரண்டுக்கு ஆரம்பித்தது என்றால் எப்போது முடியும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பதினொன்னு இருபத்துநாலு."

"பதினொன்னே காலுக்கு வண்டி கிளம்பணும்" என்றான் அண்ணன். "பன்னெண்டு மணிக்கு மயானத்துல நேரம் வாங்கியிருக்கேன். லேட்டானா அடுத்தவங்கள விட்டுடுவாங்க. அப்புறம் சாயங்காலம்தான்." பிறகு அவளிடம், கொஞ்சம் தணிந்த குரலில், "பாப்பா, நீதான இதெல்லாம் படிச்சவ. இப்ப நிறுத்தினா என்ன ஆகும்?"

பாப்பா என்பது அப்பா வைத்த பெயர். முப்பத்திரண்டு வயதிலும் வீட்டில் அதுதான்.

"முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றாள்.

அது பொய்யில்லை. பொய்யில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் மறுபடி சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

கீழ்வீட்டுத் தையல்காரர் நேற்று நடந்ததை ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். விடிந்ததும் பேருந்திலிருந்து இறங்கி வந்த மகளுக்குத்தான் முதலில் சொன்னார். இப்போது வாசலுக்கு அருகில், அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரிடம், நான்காம் முறை.

"மூணேகாலுக்கு இந்தம்மா மேல இருந்து கத்தினாங்க. மூணரைக்கு ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது சார். மேல ஏறி வந்தா மனுஷன் அந்த நாற்காலியில உக்காந்திருக்காரு. சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. கெளம்புங்கன்னா, 'தொண்ணூத்தாறு'ங்கறாரு. ஜுரமான்னு கேட்டேன். சிரிக்கறாரு. 'இன்னும் நாப்பது நிமிஷம்யா. இப்ப எழுந்து போயி நடுவுல கரண்டு கிரண்டு போச்சுன்னா, பத்தொன்பது மணி நேரம் ஓடினது வீணாப் போயிடும்'ங்கறாரு. பேட்டரி இருக்கே சார்னேன். 'அது ஒரு வாரமா மக்கர் பண்ணுது, பக்கத்துல ஆள் இருக்கணும்'னாரு. உசுரா கணக்கான்னு கேட்டேன். 'இது நெஞ்செரிச்சல். பம்ப் ஹவுஸ்ல முப்பத்துநாலு வருஷமா எனக்குப் பழக்கமான நெஞ்செரிச்சல்'னாரு. அந்த வண்டிக்காரன் இருபது நிமிஷம் பாத்தான், போயிட்டான்."

"அடப்பாவமே" என்றார் வந்தவர்.

"முடிஞ்சதும் எழுந்திருச்சாரா? இல்ல. நோட்டுல எழுதினாரு. அடுத்ததைத் தட்டிவிட்டாரு. வேற சட்டை மாத்திக்கிட்டாரு. படி இறங்கறப்ப ரெண்டாவது திருப்பத்துல உக்காந்தாரு." தையல்காரர் அங்கே நிறுத்தினார். நான்கு முறையும் அங்கேதான் நிறுத்தினார். பிறகு, யாரையும் பார்க்காமல், "சாதாரணமா அவர்கிட்ட மணி என்னன்னு கேட்டா எழுபத்தி மூணும்பாரு சார். அப்படி ஒரு ஆளு" என்றார்.

வந்தவர் சிரித்துவிட்டார். உடனே வாயைத் துடைத்துக்கொண்டார்.

*

ஆறு வருடங்களுக்கு முன் அந்த டப்பாவை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது அவள்தான்.

அவள் வேலை பார்த்த ஆய்வுக்குழு, மழைநீர் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தது. களிமண், மணல், வெடிப்பு, வேர் போன இடம் என்று ஒவ்வொரு வழியாகவும் நீர் எத்தனை நாளில் எவ்வளவு ஆழம் போகும் என்ற கணக்கு. ஒரு பெரிய இயந்திரத்துக்கு வசதியில்லாததால் நிலங்களைத் துண்டு துண்டாக்கி, விருப்பமுள்ளவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடவேண்டும் என்பதற்காக நிரலையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒரு கன்டெய்னராக்கினார்கள். அதைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் அவள் வேலை.

அம்மாதான் அதை முதலில் டப்பா என்று சொன்னது. அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். "இது வாடகைக்கு வந்த குடும்பம் மாதிரி. அடுப்பு, பாத்திரம், உப்பு, புளி எல்லாம் தன்னோடயே கொண்டு வந்துடுச்சு. நம்மகிட்ட கரண்டு மட்டும்தான் கேக்கும். பக்கத்து ரூம்ல யார் இருக்கான்னுகூட அதுக்குத் தெரியாது."

தண்ணீர் நிலையத்தில் முப்பத்துநாலு வருடம் பம்ப் ஓட்டியவர். ஓய்வுபெற்ற முதல் வருடம் முழுவதும் வீட்டுக்குள் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு நடந்துகொண்டிருந்தார். குழாயைத் திறந்து, அழுத்தம் குறைவு என்று யாரிடமோ முறையிடுவார். அந்த நாட்களில் அம்மா தொலைபேசியில், "உங்கப்பாவ எதுலயாவது மாட்டிவிடுடி, என்னால முடியல" என்பாள். இவள் மாட்டிவிட்டாள். இரண்டே வாரத்தில் அவர் அதை ஓடவைக்கும் கட்டளை வரியைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டப் பழகிவிட்டார். மணிக்கொரு தரம் நோட்டில் பதிவு. பம்ப் நிலையத்தில் செய்தது போலவே.

"எத்தனை கோடி லிட்டர் மேல எடுத்திருப்பேன் பாப்பா" என்றார் ஒரு நாள். "அது உள்ள எப்படிப் போச்சுன்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்ல."

பதினான்கு மாதங்களுக்கு முன் அந்தத் திட்டம் முடிந்துபோனது. முடிவுகளை வாங்கிக்கொள்ளும் கணினியை அணைத்தார்கள். பங்கேற்ற எல்லோருக்கும் நன்றி சொல்லி, டப்பாவை நீக்கிவிடலாம் என்று ஒரு கடிதம் போனது. அப்பாவுக்கான கடிதம் அவளுடைய முகவரிக்குத்தான் வந்தது. சொல்லத்தான் தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்தவுடன் அவர், "பாப்பா, ஆயிரம் முடிச்சிட்டேன். கீழ்வீட்டுக்காரர் கம்ப்யூட்டருக்கு உறை தைச்சுக் குடுத்திருக்கார், பாக்கெட் வெச்சு" என்றார்.

"சரிப்பா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் புதிதாக ஒரு டப்பா கட்டினாள். நிரலைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று அதோடு கூடவே வரும் மாதிரி நிலம் ஒன்று உண்டு. மூன்று அடுக்கு மண், ஒரே ஒரு மழை. யாரும் நின்றிராத, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு செவ்வகம். புதிய டப்பா அந்த நிலத்தை மட்டும் கணக்கிடும். முடித்ததும் எங்கும் அனுப்பாது. முடிவு எண்ணைக் காட்டினால் ஒவ்வொரு முறையும் அதே எண் வருமே என்று, அதை மறைத்து, "முடிந்தது. நன்றி." என்று தமிழில் ஒரு வரி எழுதினாள். அப்பாவுக்கு அந்தத் தமிழ் வரி மிகவும் பிடித்துப்போனது.

அப்போது அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது சுவரில் சாய்ந்துகொண்டு யோசித்தால் வேறு மாதிரி தெரிந்தது. உண்மையைச் சொல்லி, அவருடைய மௌனத்தைக் கேட்டுக்கொண்டு, பிறகு அவரை வேறு எதிலாவது ஈடுபடுத்த ஒரு மாதமாவது ஆகியிருக்கும். பொய்யைக் கட்ட அரை மணி நேரம்தான் ஆயிற்று.

அந்த அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டாள். அப்படிப்பட்ட டப்பா நின்றால் உள்ளே நடந்ததெல்லாம் அதோடு அழிந்துபோகும். அதனால்தான் வெளியே ஒரு கோப்புறையை அதனுடன் இணைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் எழுதிவைக்கச் சொல்வார்கள். நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பழைய டப்பாவில் அது இருந்தது. புதியதில் இல்லை. ஒரே ஒரு வரி.

அப்பா இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டார். "கரண்டு போனா முதல்ல இருந்து ஆரம்பிக்குது பாப்பா. முன்ன இப்படி இல்லியே?"

"பாத்து சரி பண்றேன்பா."

இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை கேட்டார். அதே பதிலைச் சொன்னாள். ஒன்றுமில்லாத கணக்கு எங்கே நின்றால் என்ன, எங்கே தொடங்கினால் என்ன என்று அவளுக்குள் ஒரு அலட்சியம் இருந்தது. அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. மின்சாரம் போனால் தாங்க ஒரு பேட்டரி வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

*

நோட்டு மேசைமேல்தான் இருந்தது. கூட்டம் அவள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து அவள் அதைப் புரட்டினாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு அடையாளம். ஒரு கேலி, ஒரு கேள்விக்குறி, ஒரு கோபமான அடிக்கோடு. அப்படி ஏதாவது இருந்துவிட்டால், நேற்று அந்த நாற்பது நிமிடம் அவர் வேறு எதற்காகவோ உட்கார்ந்திருந்தார் என்று ஆகிவிடும்.

காலை 6. 51. விசிறி சத்தம் சரி.

காலை 7. 56. ஐந்து நிமிடம் மின்சாரம் இல்லை. பேட்டரி பிடித்தது. நிற்கவில்லை.

மாலை 3. 98. மேசை சூடு. சன்னல் திறந்தேன்.

பக்கம் பக்கமாக அப்படியே. போன வருடத்துப் பக்கம் ஒன்றில் மட்டும் கீழே சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். "19 மணி 12 நிமிடம். பதினெட்டாவது தடவையும் அதே. ஒரே நிலத்தையே தருகிறார்களோ. பாப்பாவைக் கேட்க."

அவளுடைய விரல் அங்கே நின்றது.

அடுத்த நாள் தேதியில், "கேட்டேன். சரிபார்க்கிறார்களாம். நல்ல பழக்கம். நாங்களும் மீட்டரை இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்போம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கும் ஒரு சந்தேகமும் இல்லை. அவர் எதிலும் பாதி நம்புகிறவர் இல்லை. கடைசிப் பக்கத்துக்குப் போகாமல் நோட்டை மூடினாள். பிறகு திறந்தாள். நேற்றைய பதிவுகளில் மூன்று மணிக்கு "94. லேசாக வியர்க்கிறது" என்று இருந்தது. மேசையைப் பற்றி எழுதுவதுபோல. நாலு எட்டுக்கு "முடிந்தது". அந்த எழுத்து வரியைவிட்டுக் கீழே சரிந்திருந்தது. நாலு பன்னிரண்டுக்கு "அடுத்தது", நேராக.

படிக்கட்டில் வேகமான காலடிச் சத்தம். வண்டி வந்துவிட்டது.

வண்டியோட்டி தடித்த மனிதர். மூன்று மாடி ஏறிய மூச்சோடு வாசலில் நின்று, "ரெடியா? தூக்கலாமா?" என்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். 96.

"பத்து நிமிஷம்ணே" என்றான் அண்ணன். அம்மாவிடம் வந்து குனிந்தான். "அம்மா, போதும்மா. வண்டி வந்துடுச்சு. தூக்கிடலாம்."

"இன்னும் எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும்மா. அதுக்கப்புறம் கெளம்பினா போய்ச்சேர முடியாது. சொன்னா கேளு." அவன் குரல் உயர்ந்தது. "எவனோ எங்கயோ உக்காந்து மழைக் கணக்குப் போடறதுக்கு எங்கப்பாதான் கெடச்சாரா? நேத்தே அந்தச் சனியன புடுங்கிப் போட்டிருந்தா இன்னிக்கு இங்க இப்படிப் படுத்திருக்க மாட்டாரு!"

விசிறி மட்டும் இரைந்தது.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. "பாப்பா, உள்ள வா" என்று எழுந்தாள்.

*

உள்ளறையில் அப்பாவின் நனைந்த சட்டை இன்னும் கட்டில் சட்டத்தில் தொங்கியது. காய்ந்து விறைத்திருந்தது. அம்மா கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்துகொண்டாள்.

"உங்கண்ணன் சொல்றது சரிதான்டி. நான்தான் பண்ணிட்டேன்."

"நீ என்னம்மா பண்ணே?"

"நேத்து அந்த ஆம்புலன்ஸ்காரன் மேல வந்து கேட்டான். 'வர்றீங்களா இல்லையா?'ன்னு. இவரு கையக் காட்டி இருங்கறாரு. நான் என்ன சொல்லணும்? கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். பிளக்கப் புடுங்கியிருக்கணும். எட்டற தூரத்துலதான் இருந்தது, கைக்கு. நான் அவன்கிட்ட 'நீங்க போங்க'ன்னுட்டேன். பத்தொன்பது மணி நேரம் ஓடினதாச்சே, உலகத்துக்கே ஏதோ உபயோகம்னு சொல்றாரேன்னு..." அம்மா வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

மகள் நின்றுகொண்டே இருந்தாள். கதவுக்கு வெளியே வண்டியோட்டி யாரிடமோ தண்ணீர் கேட்டார். தம்ளர் வைக்கும் சத்தம்.

இப்போது, இந்த நிமிடம், சொல்லாமல் விட்டுவிட முடியும். அம்மா அதைத் தன்மேல் போட்டுக்கொண்டு பத்து வருடமோ இருபது வருடமோ இருப்பாள். சொன்னால், அப்பா ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காக உட்கார்ந்திருந்தார் என்பது இந்த வீட்டுக்குள் வந்துவிடும். இரண்டில் எது அம்மாவுக்கு நல்லது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். யோசிக்கும்போதே, அரை மணி நேரத்தில் டப்பா கட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் அடுத்தவருக்கு எது நல்லது என்று தான் தீர்மானித்தது நினைவுக்கு வந்தது.

"அம்மா. அது எதையும் கணக்குப் போடல."

"எது?"

"டப்பா. அந்தத் திட்டம் முடிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. அப்பா வருத்தப்படுவாருன்னு நான் சொல்லல. ஓடற மாதிரி ஒன்னு பண்ணிக் குடுத்தேன். அது ஒரே கணக்கையே திரும்பத் திரும்பப் போடும். யாருக்கும் போகாது."

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"நிறுத்தினா முதல்ல இருந்து ஆரம்பிக்குதுன்னு சொன்னாரில்ல, அதுவும் நான் பண்ண தப்பு. ஒரு வரி விட்டுட்டேன். ரெண்டு தடவ கேட்டாரு. சரி பண்ணல. நீ பிளக்கப் புடுங்கியிருந்தாலும் ஒன்னும் ஆகியிருக்காது. எப்ப நிறுத்தியிருந்தாலும் ஒன்னும் ஆகியிருக்காது."

அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அம்மா கட்டில் சட்டத்திலிருந்து சட்டையை எடுத்தாள். இரண்டு கைகளிலும் பிடித்து, மடிக்கத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

"பதினாலு மாசம்" என்றாள். "முக்காவாசி நாளு சாப்பிடக் கூப்பிட்டா 'இதோ, அஞ்சு பர்சன்ட்'ம்பாரு. நான் தட்டை மூடி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஆறிப் போயிடும்."

அம்மா சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"நிச்சயமா?"

"நோட்டப் பாத்துட்டேன். தெரியாது."

"உங்கண்ணனுக்கு?"

"யாருக்கும் தெரியாது."

அம்மா தலையை ஆட்டினாள். சட்டையை மடித்து முடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். முகத்தை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். மகளை 'வா' என்றும் சொல்லவில்லை, 'இரு' என்றும் சொல்லவில்லை.

*

அவள் கூடத்துக்கு வந்தபோது அம்மா கணினியின் முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மணி பதினொன்னு ஆகப்போகுதும்மா" என்றான் அண்ணன். இப்போது அவன் குரலில் கோபம் போய்க் கெஞ்சல் வந்திருந்தது. "பாப்பா, நீயாவது சொல்லேன். ஏதாவது வழி இருக்கா? இப்ப நிறுத்திட்டு அப்புறம் வந்து..."

"அவள ஏன்டா கேக்கற?" என்றாள் அம்மா. "நான்தான் சொல்றேனே. முடியட்டும்."

"முடிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?"

"அவரு பாதியில எதையும் விட்டதில்ல. அவ்வளவுதான். சாயங்காலம்னா சாயங்காலம்."

அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துத் தையல்காரரைப் பார்த்தான். தையல்காரர் வண்டியோட்டியைப் பார்த்தார். வண்டியோட்டி அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, வாசல் நிலையில் சாய்ந்து, "அவங்க சொல்றாங்கன்னா இருப்போம். நான் ஓட்டறேன், பாத்துக்கலாம்" என்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். பதினேழோ பதினெட்டோ பேர். நின்றவர்கள் மெல்ல உட்கார்ந்தார்கள். யாரும் அழவில்லை. ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் இருப்பதுபோல எல்லோருக்கும் ஒரு அடக்கம் வந்துவிட்டது. அப்பாவோடு வேலை பார்த்தவர் எழுந்து மேசையருகே வந்து திரையை எட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டு" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். பழக்கப்பட்ட குரல். எத்தனையோ வருடம் மானிகளைப் படித்துச் சொன்ன குரல்.

மகள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்து அம்மாவின் முதுகும், திரையின் ஒரு மூலையும், அப்பாவின் நெற்றியும் தெரிந்தன. எங்கும் இல்லாத அந்த நிலத்தில் இப்போது மழை விட்டிருக்கும் என்று நினைத்தாள். தண்ணீர் முதல் அடுக்கைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவது அடுக்கின் கடைசிச் சாணில் இறங்கிக்கொண்டிருக்கும். இதற்கு முன் ஐந்நூறு தடவை இறங்கிய அதே இடத்தில், அதே வேகத்தில். அதை இத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. கூடத்தைக் கடந்து போய் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடலாமா என்று கால் ஒருமுறை அசைந்தது. அம்மாவின் முதுகு அப்படியே இருந்தது. நேராக, யாரையும் அருகில் விடாத மாதிரி.

"தொண்ணூத்தொம்பது" என்றார் அந்தப் பழைய சிநேகிதர்.

தையல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. அதன் அம்மா உஸ் என்றாள்.

பதினொன்று இருபத்துநாலுக்குத் திரையில் சதவீத வரி மறைந்து அந்தத் தமிழ் வரி வந்தது. விசிறியின் சுருதி மெல்ல இறங்கியது. அம்மா முன்னால் சாய்ந்து அந்த வரியைப் படித்தாள். சின்ன வரிதான். அதைப் படிக்க அவள் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தாள்.

"இது நீ எழுதினதா?"

"ம்."

அம்மா எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள். "தூக்குங்க" என்றாள்.

*

வண்டிக்குள் இரண்டு பக்கமும் நீளமான இருக்கைகள், நடுவில் அப்பா. அண்ணன் முன்னால் வண்டியோட்டியின் பக்கத்தில் ஏறிக்கொண்டு, வழி சொல்கிற சாக்கில் வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தான். தையல்காரர் பின்கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா ஒரு பக்கம். மகள் எதிர்ப்பக்கம். அம்மாவின் அருகில் இடம் இருந்தது. அவள் அங்கே போய் உட்காரவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை.

"பன்னெண்டுக்குள்ள பறந்துடலாம்" என்று முன்னாலிருந்து வண்டியோட்டியின் குரல் வந்தது. "எல்லாரும் கெட்டியா புடிச்சுக்குங்க."

தெருவின் திருப்பத்தில் வண்டி சாய்ந்து நிமிர்ந்தது. மருந்துக்கடை, பள்ளிச் சுவர், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் என்று பின்கண்ணாடியில் ஒவ்வொன்றாகச் சிறுத்துப் போயின. அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவருக்கு மேலே, வண்டியின் தகரச் சுவரில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வேகத்தடை. வண்டியோட்டி அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. எல்லோரும் ஒரு விரல் உயரம் எழும்பி விழுந்தார்கள். அப்பாவைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணி கால்மாட்டில் விலகி இரண்டு பாதங்களும் வெளியே தெரிந்தன. குதிகால் வெடித்த, அகன்ற பாதங்கள். மேசைக்கடியில் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

இருவரும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள். மகள் பாதி தூரத்திலேயே நிறுத்திக்கொண்டாள். அம்மா துணியை இழுத்துத் தன் பக்கத்துப் பாதத்தின்மேல் போர்த்தினாள். விரல்களுக்கு அடியில் செருகினாள். குதிகாலைச் சுற்றி இன்னொரு முறை செருகினாள்.

பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மற்றப் பாதம் அப்படியே இருந்தது. வண்டி இன்னொரு திருப்பத்தில் சாய்ந்தது. மகள் இருக்கையிலிருந்து இறங்கி, தரையில் மண்டியிட்டு, துணியின் மிச்ச ஓரத்தைத் தேடி எடுத்தாள்.